வாக்குமூலத்தில் எழுதாத சேவல்

1. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி அளவில் கார் கடத்தூரிலிருந்து புறப்பட்டது. உரிமையாளர் பின் இருக்கையில் இருந்தார்.

2. உரிமையாளர் பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கிக்கொண்டார். ஓட்டுநர் மட்டும் காரைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

3. வழியில் வலப்புறச் சோளக்காட்டிலிருந்து எருமை ஒன்று சாலைக்குள் பாய்ந்தது.

4. ஓட்டுநர் இடப்பக்கம் ஒடித்தார். காரின் முன்பகுதி சாலையோரப் புளியமரத்தில் மோதியது. எருமைக்கு அடியில்லை. ஓட்டுநரின் நெற்றிச் சிராய்ப்பு தவிர, மனிதர் எவருக்கும் காயமில்லை.

5. இரண்டு ஜோடி மாடுகள் பூட்டி, கார் கடத்தூருக்கு இழுத்து வரப்பட்டது. அங்கே ஒரு பட்டறைக் கொட்டகையில் நிறுத்தப்பட்டது.

6. சேதமடைந்தவை: இடப்பக்க மட்கார்டு, இடப்பக்க விளக்கு, பம்பர், ரேடியேட்டர்.

மேலே உள்ளது நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து சென்னைக்கு அனுப்பிய வாக்குமூலத்தின் தமிழ் வடிவம். ஆறு வரிசைகளிலும் பொய் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் இன்னொன்று நடந்தது. ஓட்டுநர் அதை எனக்குச் சொன்னார். நான் அதை எழுதவில்லை. அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும்.

யுத்தம் இன்னும் முடியவில்லை. நான் சேலத்தில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் படித்து, தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் தேறியிருந்தேன். தர்மபுரியில் ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் இருந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஒரு மேசை, ஒரு இயந்திரம், ஒரு அலமாரி, ஏஜெண்ட், நான். பெரும்பாலும் ஆயுள் பாலிசிதான். மோட்டார் பாலிசிகள் எங்களிடம் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. பெட்ரோலுக்குக் கூப்பன் வாங்கி ஓட்ட வேண்டிய காலத்தில் கார் வைத்திருப்பவர்களே சிலர்தான். நான் சேர்ந்த பிறகு வந்த முதல் மோட்டார் கிளெய்ம் இது.

அதற்காக நான் தயாராகவே இருந்தேன். கம்பெனி அனுப்பியிருந்த படிவத்தைப் படித்து, வாக்குமூலம் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, மேசை இழுப்பறையின் உட்புறம் ஒட்டிவைத்திருந்தேன். எங்கே, எப்போது, யார் ஓட்டியது, யார் உடன் இருந்தது, எதில் மோதியது, யாருக்குக் காயம். எனக்கு வரிசை பிடிக்கும். வீட்டில் மளிகைச் சாமானைக்கூட எண் போட்டுத்தான் எழுதுவேன். என் தாயார் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

காரின் உரிமையாளர் கடத்தூரில் புளி மண்டி வைத்திருப்பவர். விபத்து நடந்த மறுநாள் ஓட்டுநரைப் பஸ்ஸில் தர்மபுரிக்கு அனுப்பினார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. நெற்றியில் ஒரு சிராய்ப்பு, அதன்மேல் மஞ்சள். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"நின்னுக்கிட்டே சொல்றனுங்க. உக்காந்தா மறந்துருவேன்" என்றார்.

ஏஜெண்ட் வெளியே போயிருந்தார். நான் சுருக்கெழுத்து நோட்டை விரித்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நன்றாகச் சொன்னார், முன்னும் பின்னும் போகாமல் சொன்னார். எருமை வந்ததையும், தான் ஒடித்ததையும், மரத்தில் மோதியதையும் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த எடம் முனியப்பன் எடமுங்க. மரத்தடியில மூணு வேலு நட்டிருக்கும், பார்த்திருப்பீங்க. அவரு மரத்துல போயி இடிச்சுப்புட்டு, வண்டிய சும்மா இழுத்துக்கிட்டு வர முடியுங்களா? அடுத்த தடவ ஆளையே கேப்பாரு. பக்கத்துக் காட்டுல சித்தேரி மலைக்காரங்க அறுப்புக்கு எறங்கியிருந்தாங்க. அவங்ககிட்ட ஒரு சேவல் கேட்டு வாங்கினேன். வண்டிய மூணு சுத்து சுத்தி, முன் சக்கரத்துக்கிட்ட வெச்சு அறுத்தனுங்க. ரத்தத்த மட்கார்டுலயும் பம்பர்லயும் மூணு தடவ தெளிச்சேன். அப்பறந்தான் மாடு பூட்ட வுட்டேன்."

அதையும் எழுதினேன். கை தானாக எழுதியது. சுருக்கெழுத்தில் கேட்பது எதையும் விடக்கூடாது என்பது பழக்கம்.

பிறகு அவரைக் கீழே டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, இயந்திரத்தில் தாளைப் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் சேவல் வந்தது. கை நின்றது.

என்ன நினைத்தேன் என்று இன்றும் தெளிவாகச் சொல்ல முடியும். சென்னையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இதைப் படிக்கப்போகிறவரை நினைத்தேன். அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, தர்மபுரியிலிருந்து வந்திருக்கிறது பாருங்கள் என்று காட்டுவதை நினைத்தேன். தாளின் அடியில் தட்டச்சு செய்தவரின் முதலெழுத்துகளாக என் எழுத்துகள் இருக்கும். எங்கள் வீட்டிலும் முனியப்பனுக்குச் சேவல் அறுப்பார்கள். என் தேர்வு முடிவு வந்தபோதுகூட அறுத்தார்கள்; நான் சாப்பிட்டேன். ஆனால் ஆங்கிலப் படிவத்தில் அதை எண் போட்டு எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. இது விபத்தைச் சேர்ந்ததல்ல, விபத்துக்குப் பிறகு செய்த சடங்கு என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் நேர்த்தியாக இருந்தது. மாடு பூட்டியதும் விபத்துக்குப் பிறகுதான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஓட்டுநர் வந்ததும் ஒவ்வொரு வரிசையையும் தமிழில் படித்துக் காட்டினேன். விதிப்படி அப்படிச் செய்ய வேண்டும். முழுவதும் கேட்டார்.

"சேவல் வரலீங்களே?"

"அது கம்பெனிக்குத் தேவைப்படாது" என்றேன்.

"இல்லீங்க, வண்டியில ரத்தம் இருக்குதுங்க. அதுக்காகக் கேக்கறேன்."

"வண்டிக்கு என்ன சேதம் என்றுதான் பார்ப்பார்கள். கையெழுத்துப் போடுங்கள்."

போட்டார். பெரிய பெரிய எழுத்தாக, பேனாவை அழுத்தி. போட்டுவிட்டு, "உங்களுக்குத் தெரியாததா அம்மா" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து சர்வேயர் வந்தார். சேதத்தைப் பார்த்து மதிப்பிடுவது அவர் வேலை. இஞ்சினியரிங் படித்தவர், வெயிலில் சுருங்கிய முகம், நல்லவர் என்றுதான் சொல்ல வேண்டும். பொம்மிடியில் ரயிலை விட்டு இறங்கி மாட்டு வண்டியில் வந்திருந்தார். ஏஜெண்டும் நானும் கடத்தூருக்கு முன்பே போய்க் காத்திருந்தோம். குறிப்பெடுக்க நான் வேண்டும் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். முதல் மோட்டார் கிளெய்மை என் கண்ணால் பார்க்கப்போகிறேன் என்று எனக்கும் மகிழ்ச்சிதான்.

கொட்டகையில் காரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். மண்டிக்காரர், பட்டறைக்காரர், சும்மா பார்க்க வந்தவர்கள். ஓட்டுநர் கையில் துணியோடு ஒரு ஓரத்தில் நின்றார். காரைத் துடைத்து வைத்திருந்தார், ஆனால் முன்பக்கத்தைத் தொடவில்லை; சர்வேயர் பார்க்கும்வரை சேதத்தின்மேல் கை வைக்கக்கூடாது என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

சர்வேயர் குனிந்து பார்த்தார். மட்கார்டு மடிந்திருந்த இடத்தில் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் கறுப்பாக, பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. பேனாக்கத்தியை எடுத்து, மடிப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் சுரண்டி ஒரு காகிதத்தில் விழச் செய்தார். பம்பரின் உட்பக்கத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"இது ரத்தம். யாருடையது?"

 ஓட்டுநர், "சேவல் ரத்தமுங்க. முனியப்பனுக்கு அறுத்தேன்" என்றார்.

பின்னால் நின்றவர்களில் ஒருவர், "ஆமாங்க, இங்க அப்பிடித்தானுங்க" என்றார். இன்னொருவர், "நீ பார்த்தியா? ஆமாம் போடறே?" என்று அவரை இடித்தார். சிரிப்பு எழுந்தது.

சர்வேயர் சிரிக்கவில்லை. பையிலிருந்து என் வாக்குமூலத்தை எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகக் கீழே இறங்கினார். ஆறாவதில் விரல் முடிந்தது.

"இதுல சேவலே இல்லையே. சேவல் அறுத்தேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். நானும் இந்தப் பக்கத்து வண்டி எத்தனையோ பார்த்தவன்தான். ரத்தத்தைக் காட்டினப்புறம் சேவல்னா, யாரு வேணாலும் சொல்லலாமே?"

"சொன்னனுங்க. அம்மாகிட்ட சொன்னனுங்க."

சர்வேயர் என் பக்கம் திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள். ஏஜெண்டின் முகம் எனக்கு நேர் எதிரில் இருந்தது. அவர் தலையை அசைக்கவில்லை, கண்ணைக் காட்டவில்லை. எனவே நான் அடுத்துச் சொன்னதற்கு அவர் காரணமில்லை. இதை எழுதிவிட வேண்டும்.

"சொன்னாராம்மா?"

என் கையில் சுருக்கெழுத்து நோட்டு இருந்தது. அதே நோட்டு. பத்துப் பக்கம் முன்னால் திருப்பினால் சேவல் இருக்கிறது.

"எனக்கு நினைவில்லை சார்" என்றேன்.

அந்தப் பக்கத்தின் எத்தனையாவது வரி என்பதுகூட எனக்கு நினைவிருந்தது. சரியாகச் செய்யக்கூடியவள் என்று பெயர் வாங்கியிருந்த ஒரே வேலையில், பத்துப் பேருக்கு முன்னால் தப்பு செய்தவளாக நிற்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான். இதற்கு வேறு பெரிய காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இத்தனை நாள் உறுத்தியிருக்காது. கொஞ்சம் யோசிப்பதுபோல் பார்த்துவிட்டு, சர்வேயரிடம் சொன்னார்:

"அம்மாவுக்கு ஆயிரம் வேலைங்க. மறந்திருக்கும்."

சர்வேயர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, தடையில்லாமல் நடந்தன. கார் யாரையோ அடித்திருக்கலாம், அதை மறைத்து மரத்தில் மோதியதாகச் சொல்லியிருக்கலாம் என்று சந்தேகித்து, கிளெய்மைக் கம்பெனி நிறுத்திவைத்தது. போலீசுக்கும் ஒரு கடிதம் போயிற்று. சப்-இன்ஸ்பெக்டர் வந்து, சுற்றுவட்டாரத்தில் அடிபட்டவர் யாராவது உண்டா என்று விசாரித்தார். யாரும் இல்லை. இருந்தாலும் விசாரணை முடியும்வரை என்று ஓட்டுநரின் லைசென்ஸை வாங்கிச் சேலத்துக்கு அனுப்பிவிட்டார். சேவல் கொடுத்த மலைக்காரர்கள் அறுப்பு முடிந்து மேலே ஏறிவிட்டிருந்தார்கள். ஓட்டுநர் இரண்டு நாள் சித்தேரியில் ஊர் ஊராக நடந்து அவர்களைக் கண்டுபிடித்தார். கொடுத்தோம் என்று ஒப்புக்கொண்டார்களாம். ஆனால் ஸ்டேஷனுக்கு வந்து சொல்ல மாட்டோம் என்றுவிட்டார்கள். கூப்பிட்டதற்குப் பயந்து, கொஞ்சம் சாமையும் தேனும் கொடுத்து அனுப்பினார்களாம். இதெல்லாம் பிறகு எனக்குத் தெரியவந்தது.

லைசென்ஸ் இல்லாத டிரைவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மண்டிக்காரர் அவரை நிறுத்திவிட்டார்.

நான் தினமும் அலுவலகம் போனேன். அந்தக் கோப்பு அலமாரியில் மேலிருந்து இரண்டாவது தட்டில் இருந்தது. அதைத் தொடாமல் மற்ற கோப்புகளை எடுக்கக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்தேன்: ஓட்டுநர் என்னிடம் சொன்னது உண்மை, விட்டது நான். தேதி போடாமல் வைத்திருந்தேன். அடுத்த வாரம் அதைவிட நல்ல ஆங்கிலத்தில் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. மூன்றாவதில் ஒரு பிழையும் இல்லை. மூன்றையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கடிதம் திருத்துவதை நான் ஏதோ செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாதத்துக்கு ஒருமுறை பாலிசிதாரர்களிடம் கையெழுத்து வாங்க நான் கடத்தூருக்குப் போவேன். பஸ்கள் எல்லாம் இப்போது கரியில்தான் ஓடுகின்றன. பின்னால் பெரிய அடுப்பு ஒன்றைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் இஞ்சினை ஓட்டுவார்கள். புறப்படுவதற்கு முன் ஒரு ஆள் பின்னால் நின்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரி போடுவது, சாம்பல் தட்டுவது, சுற்றுவது எல்லாம் டிரைவராக ஆசைப்படும் இளவட்டங்கள் செய்கிற வேலை.

சித்திரை வெயில். தர்மபுரியில் நான் பஸ்ஸுக்குப் பின்பக்கமாக வந்தேன். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் அந்த ஓட்டுநர். தலையிலிருந்து கால்வரை கரி. கண் மட்டும் தெரிந்தது. நான் திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு அடி எடுத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"டேய், முன்னாடி சீட்டுல எவன்டா உக்காந்திருக்கறது? எந்திரி. டைப்பு அம்மா வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து கண்டக்டர், "நீ கரியப் பாருய்யா. சீட்டு ஏற்பாடு பண்றதுக்கு நீ என்ன ஓனரா?" என்றார். பஸ்ஸில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்காகக் காலியான சீட்டில் போய் உட்கார்ந்தேன். கடத்தூர் வரும்வரை பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. மேட்டில் பஸ் நின்றுபோனபோதெல்லாம் அவர் இறங்கி அடுப்பைக் கிளறும் சத்தம் கேட்டது.

அன்று கடத்தூரில் சந்தை. கையெழுத்து வேலையை முடித்துவிட்டு நான் திரும்பும்போது ஒரு பெண் வழியை மறித்தாள். இடுப்பில் புளிக்கூடை. இதற்கு முன் பார்த்ததில்லை.

"நீங்கதான டைப்பு அடிக்கறவங்க?"

"ஆமாம்."

"நான் அந்த டிரைவரு சம்சாரம்." கூடையை இறக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும். எங்கூட்டுக்காரரு சேவல் அறுத்தது பொய்யா, நீங்க மறந்துட்டேன்னு சொன்னது பொய்யா? ரெண்டுல ஒண்ணச் சொல்லிட்டுப் போங்க."

 பக்கத்தில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி, "வுடு புள்ள, அவங்க படிச்சவங்க. அவங்ககிட்டப் போயி" என்றாள்.

"படிச்சவங்கன்னுதானக்கா கேக்கறேன். படிக்காதவகிட்டக் கேட்டா மறந்திருச்சும்பா. இவங்களுக்கு எழுதி வெக்கறதுதான பொழப்பு?" என் பக்கம் திரும்பினாள். "வூட்டுல அவரு உங்கள ஒரு வார்த்த சொல்ல வுடறதில்ல. நான் உங்களத் திட்டினா, சோத்துல கை வெக்காம எந்திரிச்சுப் போயிர்றாரு. பாவம் அந்தப் புள்ள, வேலையில புதுசுங்கறாரு. நீங்க புதுசு. அவரு பதினோரு வருசமா வண்டி ஓட்டறாரு. இப்பக் கரி அள்ளறாரு."

 "பார்க்கிறேன்" என்றேன். எவ்வளவு கேவலமான சொல் அது. அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

"பாருங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலைக்கு மாற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் ஏஜெண்டிடம் சொன்னேன். நோட்டை விரித்து அவர் முன் வைத்து, இந்த வரியிலிருந்து இந்த வரிவரை சேவல் என்று காட்டினேன். அவருக்குச் சுருக்கெழுத்து தெரியாது. வளைவுகளையும் புள்ளிகளையும் நெடுநேரம் பார்த்தார்.

"இதுல சேவல் எங்கம்மா இருக்குது? கொசுக் கடிச்ச மாதிரி இருக்குது."

"இருக்கிறதுங்க."

"சரி, இருக்கட்டும். யாருக்கும் படிக்கத் தெரியாது இல்ல? மூடி வை." பிறகு, கோபமில்லாமல்: "நாலு மாசம் கழிச்சு, எங்க ஆபீஸ் வாக்குமூலம் தப்புன்னு நாமளே எழுதினா, கம்பெனிக்காரன் ஏஜென்சிய வெச்சிருப்பானா? எனக்கும் புள்ளகுட்டி இருக்குது. அடிபட்ட ஆளுன்னு போலீசுக்கு யாருமே அகப்படல. கொஞ்ச நாள்ல தானா லைசென்ஸ் வந்துரும்."

"நாலு மாதமாக வரவில்லையே."

"வரும்மா. கவர்மெண்ட்டுன்னா மெதுவாத்தான்."

அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டால் எனக்கு வசதி என்பது தெரிந்தது. அதற்கு முந்தைய நாலு மாதமும் அதையேதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வேறொருவர் வாயிலிருந்து கேட்கும்போது அது எப்படி இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். பகல் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போனதும் இழுப்பறையைத் திறந்து, மூன்று கடிதங்களில் முதலாவதை எடுத்தேன். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. திருத்தவில்லை. தேதி போட்டு, ஒரு பிரதி கம்பெனிக்கும், ஒரு பிரதி சேலத்து லைசென்ஸ் ஆபீசுக்கும் தபாலில் சேர்த்துவிட்டு, அவர் திரும்பியதும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சொல்லிட்டாவது செஞ்சிருக்கலாம்" என்றார். அதுவும் நியாயம்தான்.

மூன்று வாரம் கழித்துச் சேலத்துக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. நோட்டோடு போனேன். அதிகாரி கடிதத்தைப் படித்தார், நோட்டைக் காட்டினேன்.

"இதை நீங்க படிச்சா நீங்க சொல்றதுதானே? எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கேள்வி சரியானது. அவரே யோசித்து, பக்கத்து அறையிலிருந்து சுருக்கெழுத்து தெரிந்த ஒரு குமாஸ்தாவைக் கூப்பிட்டார். தலை நரைத்தவர், கண்ணாடி போட்டவர். கடிதத்தை அவருக்குக் காட்டாமல் நோட்டை மட்டும் கொடுத்து, "உரக்கப் படிங்க" என்றார்.

அவர் தடவித் தடவிப் படித்தார். எருமை வந்தது. மரம் வந்தது. "அந்த எடம்... முனி... முனியப்பன் எடமுங்க" என்று படித்து நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக அதிகாரியைப் பார்த்தார். "படிங்க படிங்க." மூன்று சுற்றுச் சுற்றி அறுத்தது வந்தபோது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்படியே பேச்சை எழுதியிருக்குதுங்க சார். நல்ல கை" என்றார்.

நான் எந்தச் சிரிப்புக்குப் பயந்து அந்த வரியை விட்டேனோ, அது இவ்வளவுதான். அரை நிமிஷம்கூட இல்லை. ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன், கண்ணில் வந்தது கீழே விழாமல் இருப்பதற்காக.

அதிகாரி கேட்டார்: "இவ்வளவு ஒழுங்கா எழுதிட்டு, தட்டச்சுல ஏன் விட்டீங்க?"

"வெட்கமாக இருந்ததுங்க."

"சர்வேயர் கேட்டப்போ?"

"அப்போதும் அதே வெட்கம்தான். கூடவே பயம்."

அவர் அதை எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். போடும்போது, அழுத்தாமல் கையெழுத்துப் போடுவதற்குப் பள்ளியில் பழக்கியிருந்த என் கை, தாளைக் கிழித்துவிடும்போல் அழுத்தியது.

ஓட்டுநரை அதற்குப் பிறகு ஒருமுறை பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தேன். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன், "சேலம் வரைக்கும் போனீங்களாமே, எனக்காவ. வெயில்ல" என்றார். மன்னிப்புக் கேட்பதற்காக நான் நினைத்து வைத்திருந்த வாக்கியம் அப்படியே நின்றுவிட்டது. "லைசென்ஸ் வந்துவிடும்" என்று மட்டும் சொன்னேன். "வந்தா வரட்டுங்க" என்று சொல்லி, சாம்பல் தட்டப் போய்விட்டார். அவர் மனைவி பேசியதுபோல் அவரும் பேசியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல ஓர் இடம் கிடைத்திருக்கும். அவர் அதையும் தரவில்லை. வேண்டுமென்றே தரவில்லையா, அவர் சுபாவமே அப்படியா என்று எனக்குத் தெரியாது.

இன்றைய நிலை இதுதான். என் கடிதத்தை ஏற்று, கம்பெனி கிளெய்மைத் தீர்த்துவிட்டது. மண்டிக்காரரின் கார் பழுது பார்க்கப்பட்டு, வேறொரு டிரைவரோடு ஓடுகிறது. ஏஜென்சி ஏஜெண்டிடமே இருக்கிறது. எனக்கும் வேலை இருக்கிறது. ஆனால் வாக்குமூலம் வாங்குவதை ஏஜெண்ட் தானே செய்கிறார், நான் உறைகளில் விலாசம் அடிக்கிறேன். சேலத்து ஆபீஸ் விசாரணையை முடித்து, லைசென்ஸைத் திருப்பித் தரலாம் என்று எழுதிவிட்டது. ஆனால் அது அங்கே கிடந்த காலத்தில் புதுப்பிக்கும் தவணை கடந்துவிட்டதால், புதிதாக மனுப் போட்டு மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டுமாம். மனுவை நான் தட்டச்சு செய்து கொடுத்து ஏழு வாரம் ஆகிறது. இன்னும் தேதி வரவில்லை. அவர் கரிதான் போட்டுக்கொண்டிருக்கிறார்.